கொல்லைத் தொட்டியில் மீன் சாகாமல் காப்பது: அக்வாபோனிக்ஸ் கேள்வி பதில்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும், பொள்ளாச்சி, ஆனைமலை என்று அந்தப் பக்கமும் வீட்டுக்குப் பின்னால் ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நீரை ஜல்லிப் படுகையில் ஓடவிட்டுக் கீரையும் தக்காளியும் வளர்க்கிறார்கள். இதற்குத்தான் அக்வாபோனிக்ஸ் என்று பெயர். மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது, செடியும் ஜல்லியும் நீரைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகின்றன. செடி வாடினால் யாரும் பதறுவதில்லை. மீன் செத்தால்தான் ஆள் தேடி வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

நேற்று மாலை நன்றாகத் தீனி எடுத்தன. காலையில் எல்லாம் மிதக்கின்றன. இது என்ன நோய்?

நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நோய் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யாது. தினம் ஒன்று, இரண்டு என்று எடுத்துக்கொண்டு போகும். மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் மீன் எப்படிச் செத்திருக்கிறது என்று பாருங்கள்.

விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில் செத்து, வாய் திறந்து செவுள் விரிந்து கிடக்கின்றன, சின்னவை மட்டும் பிழைத்திருக்கின்றன என்றால் காற்றுப் போதாமல் போயிருக்கிறது. பகலோ இரவோ, சிறிதும் பெரிதும் ஒன்றாகத் துள்ளித் துடித்துச் சுவரில் மோதிச் செத்தால் ஏதோ நஞ்சு நீரில் விழுந்திருக்கிறது: குளோரின், பூச்சி மருந்து, செம்பு, இவற்றில் ஒன்று. இரண்டு மூன்று நாள் தீனி எடுக்காமல் சோர்ந்து, மூலையில் ஒதுங்கி நின்று செத்தால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் காப்பித்தூள் நிறமாக இருந்தால் அது நைட்ரைட், அதாவது அம்மோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் நஞ்சு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிட்டது. உடலில் புண், செதிலில் வெள்ளைப் புள்ளி, அரிக்கப்பட்ட துடுப்பு இருந்தால்தான் நோயைப் பற்றிப் பேச வேண்டும்.

கொல்லைத் தொட்டிகளில் பெரும்பாலும் முதல் வகைச் சாவுதான். அதனால்தான் கீழே காற்றைப் பற்றியே நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆயிரம் லிட்டரில் ஐந்து கிலோ மீன் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். இருபது கிலோ இருந்தால், அதுவும் மாலைத் தீனி போட்ட பிறகு இரவில் மின்சாரம் போனால், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தத்தளிக்கத் தொடங்கிவிடும். குஞ்சு விட்ட புதிதில் மூன்று மணி நேர மின்வெட்டைத் தாங்கிய தொட்டி, ஆறு மாதம் கழித்து அரை மணி நேரத்தைக்கூடத் தாங்காமல் போவது இதனால்தான். தொட்டியின் அளவு மாறவில்லை, மீனின் எடை மாறிவிட்டது.

தீனி போட்டபின் மீனுக்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே மின்சாரம் நிலையில்லாத நாட்களில் மாலைத் தீனியை நிறுத்திவிடுங்கள். ஒரு வேளை பட்டினி கிடந்து எந்த மீனும் செத்ததில்லை.

அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு குடத்தால் தொட்டி நீரையே மொண்டு இடுப்பு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். நீர் சிதறி விழும்போது காற்றைப் பிடித்துக்கொண்டு போகும். வீட்டில் இருக்கிற எல்லோரும் முறை போட்டுச் செய்தால் மீனைக் காப்பாற்றிவிடலாம். கை வலிக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதாதா?

இன்வெர்ட்டர் நல்லது. ஆனால் இந்தப் பகுதியில் மீனைக் கொல்வது மின்வெட்டு மட்டுமல்ல. துலா மாத (ஐப்பசி) இடி மழையில் வீட்டு இ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், தானாக விழுந்துவிடும். தெருவெல்லாம் விளக்கு எரியும், உங்கள் பம்ப் மட்டும் நின்றிருக்கும். வீட்டில் ஆளில்லாத நாளில் நடந்தால் திரும்பி வரும்போது நாற்றம்தான் வரவேற்கும். பம்பின் வயரில் ஈரம் இறங்கினாலும் இதே கதை.

அதற்காக இ.எல்.சி.பி.யைத் தவிர்த்து நேராக வயர் இழுக்கும் வேலையை யாரும் செய்யாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும் பம்பில் கசிவு வந்தால் கை விடும் ஆளின் உயிரே போகும். சரியான வழி வேறு. நீரை ஏற்றும் பம்பும் காற்று பம்பும் தனித்தனி லைனில், தனித்தனிப் பாதுகாப்போடு இருக்கட்டும். மின்சாரம் நின்றதும் தானாகப் பேட்டரிக்கு மாறும் சிறிய காற்று பம்ப் ஒன்றையும் வையுங்கள். இவை வண்ணமீன் கடைகளில் கிடைக்கும்.

கணக்கு எளிது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 84 வாட்-மணி. 5 வாட் காற்று பம்பை ஏட்டுக் கணக்கில் 16 மணி நேரம் ஓட்டும். பேட்டரி பழசாகும், முழுக்க இறக்கவும் கூடாது. ஆகவே பாதியை மட்டும் நம்புங்கள். ஓர் இரவைக் கடக்க எட்டு மணி நேரம் போதும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. செத்துப்போன பேட்டரியை நம்பிக்கொண்டிருக்கிறவர்கள்தான் அதிகம்.

மார்ச், ஏப்ரலில் மட்டும் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதே?

பாலக்காட்டுக் கணவாயின் கோடையைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். 35 டிகிரியில் 7க்கும் கீழ். மீனுக்கோ சூட்டில் மூச்சு கூடுதலாகத் தேவை. வரவு குறைகிற நேரத்தில்தான் செலவு கூடுகிறது. 5 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் கவலையில்லை.

தொட்டிக்கு நிழல் வேண்டும். பச்சை நிழல்வலை நல்லது, தென்னங்கீற்றுப் பந்தல் அதைவிட நல்லது. கறுப்புத் தொட்டியை வெயிலில் வைத்தவர்கள் வெளிப்புறத்தில் சாக்கைச் சுற்றி நனைத்து வையுங்கள். நிழல் இன்னொரு தொல்லையையும் தீர்க்கும். வெயில் பட்டால் நீர் பச்சையாகிவிடும். பாசி பகலில் காற்றைத் தருவதுபோல் தெரியும், இரவில் அதுவே மீனோடு போட்டி போட்டு இழுக்கும். பச்சை நீர்த் தொட்டியில் விடியற்காலை நான்கு, ஐந்து மணிதான் ஆபத்தான நேரம்.

சூட்டைக் குறைக்கிறேன் என்று பாதித் தொட்டியை இறக்கிவிட்டுப் போர்வெல் நீரை நிரப்பாதீர்கள். ஆழத்து நீரில் பிராணவாயு அநேகமாக இருக்காது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதையும் ஷவர் போல் சிதறவிட்டு, உயரத்திலிருந்து விழச் செய்து நிரப்புங்கள்.

எங்கள் போர்வெல் நீரில் உப்புப் படிகிறது. அதனால் மீன் சாகுமா?

உப்பு படிவதால் சாகாது. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதிப் போர்வெல் நீர் பெரும்பாலும் கடினமானது, அதன் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8ஐத் தாண்டும். மீன் அதில் வாழும். சிக்கல் அம்மோனியா சேரும்போது வருகிறது.

நீரிலுள்ள அம்மோனியாவில் ஒரு பகுதிதான் நஞ்சு. மீதி தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். அந்தப் பங்கை முடிவு செய்வது பி.எச்.சும் சூடும்தான். 30 டிகிரி நீரில் பி.எச். 7 என்றால் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 என்றால் ஏழு பங்கு. 9 என்றால் நாற்பதுக்கும் மேல். ஆக, மலைப்பக்கத்து மென்னீரில் ஒருவர் சமாளித்துவிடும் அதே அம்மோனியா, கிழக்கே எருத்தேம்பதிக்காரரின் தொட்டியில் மீனைக் கொன்றுவிடும். இணையத்தில் எங்கோ குளிர் நாட்டிலிருந்து ஒருவர் ‘2 வரை பரவாயில்லை’ என்று எழுதியிருப்பதை இங்கே நம்பக் கூடாது. சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள், நம் போர்வெல் நீரில் அரைக்குள் இருக்கட்டும்.

கூடியிருந்தால் முதல் வேலை தீனியை நிறுத்துவது. இரண்டாவது, ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது. மூன்றாவது, அடியில் புதைந்து அழுகும் தீனியையும் செத்த மீனையும் தேடுவது.

நெடுநாள் ஓடிய தொட்டியில் நேர்மாறாகவும் நடக்கும். ஜல்லியில் படர்ந்த பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும் வேலையில் நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். மழைநீரை மட்டும் ஊற்றுகிற வீடுகளில் பி.எச். மெல்ல இறங்கி 6க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். கிளிஞ்சல் ஓடுகளை ஒரு வலைப்பையில் கட்டி நீர் விழுமிடத்தில் தொங்கவிட்டால் போதும். தேவைக்கேற்ப அது கரையும். போர்வெல் நீரை ஊற்றுகிறவர்களுக்கு இது தேவைப்படாது.

தொட்டி கட்டி முடித்தாயிற்று. என்றைக்கு மீன் விடலாம்?

சிமெண்ட் தொட்டி என்றால் உடனே விடவே கூடாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச்.சை 10க்கு மேல் ஏற்றிவிடும். நம் ஊர் முறைப்படி நீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பிக் கொட்டுங்கள். பி.எச். 8.5க்குள் வந்து நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். படுதாக் குளத்துக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பாக்டீரியா. வெறும் ஜல்லி எதையும் சுத்தம் செய்யாது. ஜல்லியின் மேல் பாக்டீரியா படர வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகைத் தீனியை நீரில் போட்டு, பம்பை ஓடவிடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் இறங்கும். இறங்கிய பிறகு மீன் விடுங்கள். நன்றாக ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வாளி ஜல்லி கடன் வாங்கிப் போட்டால் காலம் நன்றாகக் குறையும். மோருக்கு உறை கேட்பது போலத்தான்; யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மீனில் நோயுள்ள வீட்டிலிருந்து வாங்காதீர்கள்.

குஞ்சுப் பையை வந்ததும் தொட்டியில் கொட்டக் கூடாது. கட்டிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வாயைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்கிய பிறகு மீனை மட்டும் விடுங்கள். பை நீர் வெளியே போகட்டும்.

குழாய் நீர், கிணற்று நீர் எதை ஊற்றலாம்?

குழாய் நீர் என்றால் திறந்த தொட்டியில் காற்றடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். குளோரின் போய்விடும். குழாயைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய் மறந்தவர்கள் வீட்டில் மீன் ஒரே மணி நேரத்தில் மிதந்திருக்கிறது. குழாயை மீன் தொட்டியோடு நேராக இணைக்கவே வேண்டாம்.

கிணற்று நீர் பாதுகாப்பானது என்று நினைத்திருப்போம். மழைக்காலத்துக்கு முன் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது கேரளப் பக்கத்தில் வழக்கம். அவர்கள் வந்து போன செய்தி சமையலறைக்குத் தெரிந்திருக்கும், மீன் வளர்ப்பவருக்குத் தெரிந்திருக்காது. மோட்டாரை ஓடவிட்டால் கதை முடிந்தது. பவுடர் போட்ட கிணற்று நீரை இரண்டு மூன்று நாள் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

செடியில் பூச்சி. வேப்பெண்ணெய், புகையிலைக் கஷாயம் அடிக்கலாமா? இயற்கைதானே?

புகையிலைக் கஷாயம் கூடவே கூடாது. அதிலிருக்கும் நிக்கோட்டின் இயற்கையானதுதான், மீனைக் கொல்வதும் இயற்கையாகவே கொல்லும். வேப்பெண்ணெயைக் கரைக்கச் சோப்புச் சேர்ப்போம். அந்தச் சோப்பு செவுளைக் கெடுக்கும். பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் செம்பு இருக்கிறது, மிகச் சிறிய அளவிலேயே மீனுக்கு ஆகாது. தென்னைக்கும் கமுகுக்கும் பக்கத்தில் அடிக்கும்போது தொட்டியைப் பாலித்தீனால் மூடுங்கள். கொசு மருந்திலும் எறும்பு மருந்திலும் உள்ள பைரித்திராய்டு வகைகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. வயலில் மருந்தடித்த கையைக் கழுவாமல் தொட்டியில் விடுவதையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

செடிக்கு என்னதான் செய்வது? கையால் பொறுக்குங்கள், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்து மீனுக்குத் தீங்கு செய்வதில்லை. இவற்றுக்கு அடங்காத செடியைப் பிடுங்கி எறியுங்கள். பத்து ரூபாய்க் கத்தரிக்காகப் பத்துக் கிலோ மீனைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஜி.ஐ. குழாய், துத்தநாகத் தகடு, பித்தளை வால்வு ஆகியவையும் நீரில் கரைந்து கேடு செய்யும். பி.வி.சி. போதும்.

எந்த மீன், எத்தனை?

ஆயிரம் லிட்டருக்கு அறுவடை நேரத்தில் இருபது கிலோ உச்சவரம்பு. முதல் வருடம் பத்துக் கிலோவோடு நில்லுங்கள். விற்கிறவர் ‘ஐந்நூறு விடலாம்’ என்பார்; அவர் குஞ்சு விற்கிறவர்.

திலாப்பியா தாக்குப்பிடிக்கும். கிஃப்ட் என்னும் மேம்படுத்திய திலாப்பியா வகையை வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அனாபஸ் (பனையேறிக் கெண்டை), வரால் (விரால்), அசாம் வாளை (பங்காசியஸ்) மூன்றும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. மின்சாரத்தை நம்ப முடியாத வீட்டுக்கு அனாபஸ்தான் என் பரிந்துரை. இவை அவ்வப்போது மேலே வந்து போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவற்றின் சுபாவம் அது. திலாப்பியா மேலேயே நின்று வாய் பிளந்தால்தான் ஆபத்து. அனாபஸ் மழை இரவில் சுவரேறி வெளியே போய்விடும், வலை கட்டாயம். கட்லா, ரோகு பெரிய குளத்துக்கானவை. கரிமீன் நீரின் தரத்தில் நச்சரிக்கும், புதியவர்களுக்கு வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு நாடு முழுவதும் தடை உண்டு.

குஞ்சை மலம்புழா, ஆழியார் போன்ற இடங்களின் அரசுப் பண்ணைகளில் கேட்டு வாங்குங்கள். பைக்கில் கூடை வைத்து விற்றுக்கொண்டு வருகிறவரிடம் வாங்கினால் நோயும் சேர்ந்து வரலாம்.

ஊருக்குப் போகும்போது தீனிக்கு என்ன செய்வது?

நான்கைந்து நாள் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம்கூடத் தாங்கும். உண்மையான ஆபத்து, பாசமுள்ள பக்கத்து வீட்டு மாமா. மீன் வாய் திறப்பதைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் தீனியை ஒரே நாளில் கொட்டிவிடுவார். கட்டாயம் யாராவது போட வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி வைத்துவிட்டு டப்பாவை ஒளித்துவிடுங்கள்.

மற்ற நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் அளவு. மிச்சமிருந்தால் வலையால் அள்ளிவிடுங்கள். சோறு, கடலைப் புண்ணாக்கு போடுவதை நிறுத்துங்கள். பூஞ்சை பிடித்த தீனியைக் கோழிக்கும் போடாதீர்கள்.

மழையில் என்ன கவனிக்க வேண்டும்?

மீன் வழிந்து வெளியே போகாதபடி வழிவுக் குழாயில் வலை. கூரைத் தண்ணீரில் முதல் மழையின் அழுக்கு தொட்டிக்குள் வரக் கூடாது. தப்பிய திலாப்பியா வாய்க்கால் வழியாகச் சித்தூர்ப்புழையைச் சேர்ந்தால் அங்குள்ள நாட்டு மீனுக்குக் கேடு.

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் தொட்டியில் தண்ணீரே இல்லை. எப்படி?

படுகையில் இலையோ வேரோ அடைத்து நீர் வெளியே வழிந்திருக்கும், அல்லது குழாய் கழன்றிருக்கும். பம்ப் தன் வேலையைச் சரியாகச் செய்து மொத்த நீரையும் வெளியே தள்ளிவிட்டது. பம்பை மீன் தொட்டியின் அடியில் வைக்காமல் பாதி உயரத்தில் ஒரு கல்லின் மேல் வையுங்கள். என்ன ஆனாலும் பாதி நீர் மிஞ்சும். காற்று பம்பின் குழாய் முனையில் குமிழி விடும் காற்றுக் கல் மட்டும் அடியில் இருக்கட்டும். இன்னும் நல்லது, தனியாகச் சேகரிப்புத் தொட்டி ஒன்று வைத்து அதில் பம்பைப் போடுவது.

ஜல்லிப் படுகை அடைத்துக்கொண்டது என்று முழுவதையும் அள்ளிக் குழாய் நீரில் கழுவாதீர்கள். பாக்டீரியா போய்விடும், பத்து நாளில் அம்மோனியா ஏறும். கால் பங்காகப் பிரித்து, தொட்டி நீரிலேயே அலசுங்கள். சேறு கலங்கி அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே நிறுத்திக் காற்றைக் கூட்டுங்கள்; அந்த வாயுவும் மீனைக் கொல்லும்.

கொக்கு, மீன்கொத்தி, பூனை, நீர்ப்பாம்பு?

வலை. இறுக்கமாக, நான்கு பக்கமும் கட்டிய வலை. மீன் எண்ணிக்கை குறைகிறது ஆனால் பிணம் இல்லை என்றால் இவர்களில் ஒருவர்தான்.

நோய் என்று உறுதியானால் மருந்து போடலாமா?

தொட்டியில் எதையும் போடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் ஜல்லியிலுள்ள பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். மாலகைட் பச்சை உண்ணும் மீனுக்குக் கூடவே கூடாது. நோயுற்றதைத் தனி வாளிக்கு மாற்றி, லிட்டருக்குப் பத்துக் கிராம் கல்லுப்புக் கரைசலில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, தள்ளாடத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். மீன் பேன் என்றால் கண்ணுக்கே தெரியும், குறட்டால் எடுத்துவிடலாம்.

உப்பைத் தொட்டியில் போட ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு: நைட்ரைட் ஏறும்போது. ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ வரை கல்லுப்பு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். பீன்ஸ் வாடும், தக்காளி தாங்கும். உப்பு தானாகப் போகாது என்பதால் அடிக்கடி போடக் கூடாது.

செத்த மீனைச் சமைக்கலாமா?

காரணம் தெரியாமல் வேண்டாம். நஞ்சால் செத்திருந்தால் குழம்பு அதை மாற்றாது. பார்த்த உடனே அள்ளி எடுங்கள், ஒரு பகல் கிடந்தால் அதுவே அம்மோனியாவாகி மிச்ச மீனையும் கொல்லும். தென்னை வேரருகில் ஒரு முழம் ஆழத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். ஆழம் குறைந்தால் நாய் தோண்டிவிடும்.